கைப்பிடிக்கு என்ன போடலாம்?

பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் வைட்ஃபீல்ட், 1882இல் ஆங்கிலோ-இந்தியர்களின் விவசாயக் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர். இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கோட்டை. அங்கே திரையைப் பார்த்துச் சலித்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மடக்குக் கத்தி செய்ய உட்கார்ந்தால், அவரை முதலில் மடக்குவது சாமான்தான்.

மடக்குக் கத்தி ஒரு குட்டி இயந்திரம். அலகு கடினமாக இருக்க வேண்டும். அதே கடினத்தை முதுகு வில்லுக்குக் கொடுத்தால் ஒடிந்துவிடும். அதைக் கொஞ்சம் இளக்கிப் பதம் பார்க்க வேண்டும். அலகு சுழலும் இடத்தில் எஃகோடு எஃகு உரசினால் பிறாண்டும். நடுவே வெண்கல வாஷர் போடுவது அதற்காகத்தான். இங்கே கஞ்சத்தனம் செய்தால் ஆட்டம் கொடுக்கும். ஆட்டம் கொடுக்கும் கத்தி ஒருநாள் விரல் மேலேயே மடியும்.

அலகுக்குப் பழைய பால்பேரிங் எஃகு போதும். சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வீட்டு உலையே தாங்கும். ஆனால் எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துப்போகும். துருப்பிடிக்காத எஃகுக்கு 1,000 டிகிரிக்கு மேல் வேண்டும், அதுவும் துல்லியமாக. அந்த வேலையை வெளியே கொடுப்பதே புத்திசாலித்தனம்.

வம்பெல்லாம் கைப்பிடியில்தான். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளுக்குப் பெருமை சேர்த்தது இந்தியக் கடமான் கொம்பு. உள்ளே சோறு குறைவு, கெட்டி அதிகம், பிடித்தால் வழுக்காது. 1990களின் பின்பகுதியில் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. கடமான் கொம்பை உதிர்த்துவிட்டுப் போவது இயற்கை. 'கீழே கிடந்ததுதானே' என்று பந்திப்பூர்ப் பக்கம் பொறுக்கி வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கொம்புப் பிடி போட்ட பழைய கத்தியைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மரமா? தோதகத்தி அழகுதான். ஆனால் மரப்பிடி மழைக்காலத்தில் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். 1890இலிருந்து மரப்பிடியோடு வரும் பிரெஞ்சுக் கத்தியான ஒப்பினல்கூட நனைந்தால் திறக்க அடம்பிடிக்கும்.

வெளிநாட்டுக் கத்திக்காரர்கள் மைக்கார்டா என்று கொண்டாடுவது, துணியையோ காகிதத்தையோ பிசினில் தோய்த்து அழுத்திய பலகை. நம் ஊர் எலெக்ட்ரிகல் கடைகளில் ஹைலம் ஷீட் என்று கேட்டால் கிடைக்கும் சரக்கின் பங்காளி அது. தண்ணீர் பட்டாலும் உப்பாது. எந்த மானுக்கும் நஷ்டமில்லை. அறுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும், தூள் நுரையீரலுக்கு ஆகாது.

சாமானோடு சட்டமும் உண்டு. டெல்லியில் 1980ஆம் ஆண்டு அறிவிக்கை, பட்டனில் திறக்கும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளத்தையும் 1.72 செ.மீ. அகலத்தையும் எட்டினாலே லைசென்ஸ் கேட்கிறது. மாம்பழம் நறுக்க அதைவிடச் சின்னதே போதும். பட்டன் கத்திக்குப் பேர்போன உத்தரப் பிரதேச ராம்பூரில் தொழில் தேய்ந்துவிட்டது. 2023இல் அங்கே நாற்சந்தியில் 20 அடி நீளக் கத்தி ஒன்றை நிறுவினார்கள், பித்தளையிலும் எஃகிலும்.