800 வெள்ளிக்குக் கிப்சனா?

கிள்ளானில் யாரோ இணையத்தில் விற்கும் பழைய மின் கித்தாரைக் கைப்பேசியில் காட்டி, "அப்பா, கிப்சன் லெஸ் பால்! 800 வெள்ளிதான்!" என்று மகன் துள்ளுகிறானா? 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஏறக்குறைய பாதி. அமெரிக்காவில் செய்யும் அந்தக் கித்தாரோ புதிதாகப் பல ஆயிரம் பெறும். மலிவே முதல் சந்தேகம்.

கித்தார்த் தலையின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1977 முதல் பல ஆண்டுகள் கிப்சன் பெரும்பாலும் எட்டு இலக்க எண்ணையே அங்கே அழுத்திப் பதித்தது. முதலாவதும் ஐந்தாவதும் ஆண்டு. இரண்டு முதல் நான்கு வரை, அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. 82765501 என்றால் 1985இன் 276ஆவது நாள், அக்டோபர் 3. அங்கே 412 என்றிருந்தால்? ஆண்டுக்கு ஏது 412 நாள்! பையனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். வகுப்பில் தூங்கியதற்கு ஈடாகட்டும்.

அசலின் எண்ணைப் போலியில் பதிப்பதும் உண்டு. ஆகவே தலையின் முன்புறம், கம்பிகளுக்கு அடியில் உள்ள சிறு மூடியையும் பாருங்கள். அசலில் இரண்டு திருகாணி. போலிகள் பலவற்றில் மூன்று.

கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் கிப்சன் நிறுவனத்தின் மலிவு வகையான எபிபோனே தாராளம்.

நேரில் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தில் தட்டிப் பாருங்கள். பணம் போய்விட்டதென்றால் உடனே 997க்கு அழையுங்கள்.