சம்பளம் என்றால் பாவமா?

"சம்பளம்னு போட்டிருக்கீங்களே, அதை எடுத்துட்டு மறுபடி அனுப்புங்க." ஏழைப் பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பகம் நடத்தும் ஒரு சிறு அறக்கட்டளை நிதி கேட்டு விண்ணப்பித்தது. ஒரு பெரிய கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பிரிவு போன வாரம் சொன்ன பதில் இது. நோட்டுக்குப் பணம் உண்டு, பைக்கு உண்டு, பையில் கம்பெனி சின்னம் அச்சடிக்கவும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் பெண்ணின் சம்பளம் மட்டும் 'நிர்வாகச் செலவு'. பையா பாடம் நடத்தும்?

அதே கம்பெனியின் விண்ணப்பப் படிவம் கேட்பதைப் பாருங்கள்: மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, 12ஏ, 80ஜி வருமான வரிச் சான்றிதழ்கள், சிஎஸ்ஆர்-1 பதிவு எண், காலாண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை, எக்செல்லில் பயனாளிகள் பட்டியல். இவ்வளவையும் யார் செய்வது? ஆடிட்டருக்கு யார் பணம் கொடுப்பது?

செலவில்லாமல் நடக்கும் சேவையே தூய சேவை என்ற நம்பிக்கை நம் ஊரில் புரையோடிப்போயிருக்கிறது. அப்படிச் சொல்பவர்கள் மதுரைக்குப் போய் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்க்கட்டும். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. அங்கே ஏழைகளுக்குக் கண் அறுவை இலவசம். டாக்டருக்குச் சம்பளம் உண்டு. கிராமத்துப் பெண்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, சம்பளத்துக்கு வைத்துத்தான் லட்சக்கணக்கானோருக்குப் பார்வை தந்தார்கள். அரவிந்தில் நிர்வாகம்தான் சேவை. அந்தச் சம்பளத்தை வெட்டியிருந்தால் அரவிந்த் இன்றைக்கும் 11 படுக்கையோடுதான் நின்றிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகளை மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. விதிகளில் இருக்கும் 5 சதவீத நிர்வாக வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் செலவுக்கானது. அதைத் தூக்கி அறக்கட்டளையின் தலையில் வைப்பது எந்த ஊர் நியாயம்? அரசு மட்டும் என்ன செய்தது? வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்கான உச்சவரம்பை 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. வீடு வீடாக ஏறி இறங்கும் ஆஷா சுகாதாரப் பணிப் பெண்களைத் தன்னார்வலர் என்று அழைத்து ஊக்கத்தொகையோடு நிறுத்துவதும் இதே புத்திதான். பெண் உழைத்தால் அது சேவை. கூலி கேட்டால் பேராசை!

பள்ளிக் கழிப்பறைகளைப் பாருங்கள். நன்கொடையாளர் பெயர் கிரானைட்டில் பளபளக்கும். கழுவ ஆள் வைக்கப் பணமில்லாமல் கதவு பூட்டிக் கிடக்கும். கல்வெட்டுக்குக் கிடைத்த பணம் துடைப்பம் பிடிக்கும் கைக்குக் கிடைக்கவில்லை. அரவிந்தில் இப்படிப் பூட்டிய கதவு உண்டா?

சிறு அறக்கட்டளை நடத்துவோருக்கு ஒன்று சொல்வேன். விண்ணப்பத்தில் ஆசிரியர் சம்பளம், கணக்கர் சம்பளம், வாடகை, தணிக்கைக் கட்டணம் எல்லாவற்றையும் தனித்தனி வரியாக, உள்ளது உள்ளபடி எழுதுங்கள். 'இதர செலவு' என்று ஒளிக்காதீர்கள். எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள். பாடம் நடத்துகிறவருக்குக் கூலி கொடுக்க மனமில்லாதவர் தரும் பை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.