எந்த மாதம், எந்த இருக்கை?

இந்த இதழுக்கு வந்த மாடல் படங்களில் ஹெலிகாப்டர் குழு உருவங்களே அதிகம். வண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் வெளுத்த சட்டைத் தோள், வைசரின் பளபளப்பு, மூன்றுநாள் தாடியின் நிழல் எல்லாவற்றையும் நம்மவர்கள் கைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனாலும் பத்தில் ஏழு பைலட்டுகள் ஜெட் விமானத்தில் உட்கார வேண்டியவர்கள். முதுகு நிமிர்ந்து இருக்கையில் ஒட்டியிருக்கிறது, ஒரு கை நடுவிலுள்ள கம்பில், மற்றது சும்மா தொடைமேல்.

ஹெலிகாப்டரில் அப்படி உட்கார்ந்து பறக்க முடியாது. ஹ்யூயி எனப்படும் யுஎச்-1ஐயே எடுத்துக்கொள்வோம். சைக்ளிக் என்ற திசைக் கம்பு முழங்கால்களுக்கு நடுவே நிற்கிறது. கை நடுங்காமல் இருக்க பைலட் தன் வலது முன்கையைத் தொடைமீது சாய்த்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து அதைப் பிடிக்கிறார். ஏற்ற இறக்கத்துக்கான கலெக்டிவ் கம்பு இருக்கையின் இடப்பக்கம் தாழ்வாகக் கிடக்கிறது. அதை எட்ட இடத்தோள் இறங்கும், முதுகு முன்னோக்கி வளையும். இரண்டு கால்களும் பெடலில். அந்தக் கூன் சோம்பலால் வருவதில்லை, கட்டுப்பாட்டுக் கருவிகள் அமைந்திருக்கும் இடத்தால் வருவது. பல்லாண்டு பறந்தவர்களுக்கு முதுகுவலி தொழில்நோயாகிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஜெட் விமான உருவத்தின் தலையை மட்டும் மாற்றி ஹ்யூயியில் உட்கார வைப்பவர்கள் இந்தக் கூனைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் செய்த 1/35 ஹ்யூயியை ஒரு கண்காட்சியில் வைத்திருந்தபோது, ஹெலிகாப்டரில் பறந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நின்றேன். “தம்பி, ரெண்டு பேருமே கையை விட்டுட்டாங்களே, மெஷினை யார் ஓட்டுறது?” என்றார். ரோட்டரைச் சுழலும் நிலையில் வைத்திருந்தேன். ஒரு பைலட்டின் மடியில் வரைபடம்; இன்னொருவர் ஜன்னல் வழியே கையசைத்துக் கொண்டிருந்தார்.

சுழலும் ரோட்டரை வைத்தால் யாராவது ஒருவர் ஓட்டியாக வேண்டும். வரைபடமும் ரேடியோவும் மற்றவர் வேலை. தரையிறங்கும் இடத்தில் சுடுகிறார்கள் என்றால் அவரும் கருவிகளின்மேல் மெல்லக் கை வைத்திருப்பார். ஓட்டுபவருக்கு ஏதாவது ஆனால் அந்த நொடியே பிடிக்க வேண்டுமே. ஆக, பைலட் செய்யும்போது முதல் கேள்வி எந்த இருக்கை என்பது. ஹெலிகாப்டரில் தலைமை பைலட்டின் இடம் வலது என்பது பொது வழக்கம். ஆனால் வியட்நாமில் அமெரிக்கத் தரைப்படையின் பல பிரிவுகளில் கமாண்டர் இடது இருக்கையில் அமர்ந்தார். பிரிவுக்குப் பிரிவு இது மாறும். நீங்கள் செய்யும் பிரிவின் புகைப்படம் கிடைத்தால் அதை நம்புங்கள், கிட்டின் அட்டைப்படத்தை நம்பாதீர்கள்.

இரண்டாவது கேள்வி, எந்த மாதம். வந்த படங்களில் ஒன்று 1965 நவம்பர் 14 அன்று இயா டிராங் பள்ளத்தாக்கின் எக்ஸ்-ரே தரையிறங்கு தளம். ஹ்யூயி பைலட்டுகள் புரூஸ் கிராண்டலும் எட் ஃப்ரீமனும் திரும்பத் திரும்பப் போய் வந்த அதே இடம். ஃப்ரீமனுக்கு 2001இலும் கிராண்டலுக்கு 2007இலும் மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது அதற்காகத்தான். செம்மண்ணும் புல்லும் அருமை. ஆனால் பைலட்டுகள் தீ எளிதில் பற்றாத நோமெக்ஸ் துணி உடுத்தி, எஸ்பிஎச்-4 ஹெல்மெட் அணிந்து, மார்பில் பீங்கான் கவசத்தோடு இருக்கிறார்கள். நோமெக்ஸ் சட்டையும் காலுடையும் வந்தது 1960களின் கடைசியில். எஸ்பிஎச்-4 பரவியது 1970ஐ ஒட்டி. ‘சிக்கன் பிளேட்’ என்று குழுவினர் கேலியாக அழைத்த கவசமும் 1966க்குப் பிறகுதான் பரவலானது. எக்ஸ்-ரேக்குப் பொருந்துவது பருத்திச் சீருடையும் ஏபிஎச்-5 ஹெல்மெட்டும்தான். அதே உருவங்களை 1971 பிப்ரவரியில், லாம் சோன் 719 நடவடிக்கையின் ஹ்யூயிக்கு மாற்றிவிட்டால் ஒரு குறையும் இல்லை. அப்போதும் பழைய ஏபிஎச்-5 சில தலைகளில் இருந்தது என்பதால் கலந்தும் போடலாம்.

நோமெக்ஸ் போட்டவர்களின் காலைப் பாருங்கள். காட்டு பூட்ஸின் மேல்பாகத்தில் நைலான் துணி உண்டு. தீயில் அது உருகித் தோலோடு ஒட்டும். அதனால் பறப்பவர்கள் தோல் பூட்ஸ் அணிய வேண்டும் என்பது விதி. விதியை மீறியவர்களும் இருந்தார்கள். அப்படிச் செய்தால் அது தெரிந்தே செய்ததாக இருக்கட்டும்.

கவசம் பற்றி இன்னும் சற்று. பைலட்டின் இருக்கையே கவசம் பூண்டது, பக்கத்தில் இழுத்து மூடும் தகடும் உண்டு. ஆகவே அவர் பெரும்பாலும் முன்தகடு மட்டும் போட்டார். கதவோரம் சுடும் கன்னருக்கும் ஹெலிகாப்டரைப் பராமரிக்கும் குரூ சீஃபுக்கும் அந்த வசதி இல்லை. அவர்களுக்கு முன்னும் பின்னும் தகடு. அணிந்தவரின் மார்பு பெட்டிபோல் ஆகும், முழங்கைகள் உடலைவிட்டு விலகும், தாடை சற்று மேலே தள்ளப்படும். வெறும் மார்பின்மேல் புட்டி தடவிக் கவசம் செய்பவர்கள் கைகளைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். தகடு உறையோடு சேர்ந்து ஓர் அங்குலத் தடிமன் என்று வைத்தால் 1/35இல் 0.7 மி.மீ. சின்ன அளவுதான். ஆனால் அதற்கேற்பத் தோளை வெட்டித் திருப்பி ஒட்டாவிட்டால் கவசம் ஏப்ரன் போலத் தொங்கும்.

கன்னர்களில் நான் காணும் பிழை வேறு. யுஎச்-1பி-யைவிட டி-யின் உடல் 104 செ.மீ. நீளம், 1/35இல் ஏறக்குறைய 3 செ.மீ. அந்த நீளத்தால் கேபினின் பின்பக்கத்தில் இருபுறமும் வெளிநோக்கி அமரும் தனி இடம் கிடைத்தது. டி-யிலும் எச்-இலும் வழக்கமாக இடது குரூ சீஃபுக்கு, வலது கன்னருக்கு. பி-யின் கன்ஷிப்பில் இந்த வசதி இல்லை. இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு வெளியே சாய்ந்து சுட்டார்கள். கிட்டிலுள்ள ஒரே கன்னரை இரண்டிலும் வைத்தால் இந்த வேறுபாடு காணாமல் போகும். இன்னொன்று, ஹெல்மெட்டிலிருந்து இறங்கும் வயர். அது இல்லாவிட்டால் அந்த ஆளுக்குப் பைலட் சொல்வது எதுவும் கேட்காது. ஒரு துண்டு மெல்லிய ஈயக் கம்பி போதும்.

முகபாவத்துக்கு நான் அடிக்கடி திரும்பிப் போவது லாரி பரோஸ் எடுத்த ‘யாங்கி பாப்பா 13’ படத்தொடருக்கு. 1965 ஏப்ரல் 16 லைஃப் இதழில் வந்தது. அதில் ஜேம்ஸ் ஃபார்லி என்ற இளம் குரூ சீஃபின் தோள்கள் ஒரே நாளில் எப்படி மாறுகின்றன என்று வரிசையாகப் பார்க்கலாம்: புறப்படும் முன் தளர்ந்த சிரிப்பு, கடைசியில் குனிந்து அழும் முதுகு. ஆனால் அவர் மரைன், இயந்திரம் யுஎச்-34. உடல்மொழியை எடுத்துக்கொள்ளுங்கள், உடையை எடுத்துத் தரைப்படை ஹ்யூயிக்குப் போடாதீர்கள். பரோஸ் 1971 பிப்ரவரி 10 அன்று, லாம் சோன் 719இன்போதே, லாவோஸுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டரில் இறந்தார்.

அளவு கலப்பதைப் பற்றி ஒரே வரி: 175 செ.மீ. ஆள் 1/35இல் 50 மி.மீ., 1/32இல் ஏறக்குறைய 55. அந்த 5 மி.மீ. 1/35 கணக்கில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. தலைகளை மாற்றும்போது இது உடனே தெரியும்.

அடுத்த இதழிலிருந்து குழு உருவங்களின் படத்தோடு இரண்டு விவரம் எழுதி அனுப்ப வேண்டும்: எந்த மாதம், எந்த இருக்கை. மாதம் தெரியாவிட்டால் ஆண்டு போதும். எக்ஸ்-ரே தளத்தைச் செய்த அன்பர் ஹெல்மெட்டையும் உடையையும் மாற்றி, கவசத்தைக் கழற்றி மறுபடி அனுப்பினால் நடுப்பக்கம் அவருக்குக் காத்திருக்கிறது. செம்மண்ணைத் தொட வேண்டாம்.