குப்பை யார் வாசலில்?

குப்பைக் கிடங்குக்கு இடம் தேடும் நகர்மன்றத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் ‘என் வார்டில் வேண்டாம்’ என்றே வாக்களிப்பார். ‘உன் பகுதியை நான் விடுகிறேன், என் பகுதியை நீ விடு’ என்ற பேரமும் நடக்கும். இறுதியில் சுமை, அம்மன்றத்தில் வாக்கே இல்லாத கிராமத்தின் தலையில் விடியும். இது ஒத்துழைப்பன்று, எளியோருக்கு எதிரான உடன்பாடு.

நகருக்கு வெளியே திருவனந்தபுரத்தின் குப்பையைச் சுமந்த விளப்பில்சாலையின் ஊராட்சி, 2011 டிசம்பரில் ஆலையைப் பூட்டியது. அப்போது மாநகராட்சி இடதுசாரிகளின் நிர்வாகத்திலேயே இருந்தது. 2012இல் ஆலப்புழையின் குப்பை லாரிகளைச் சர்வோதயபுரம் மக்கள் மறித்தனர்.

ஆலப்புழை நகராட்சி சுமையைப் பகிரும் வழியைத் தேர்ந்தது. வீடுகளில் எரிவாயுக் கலன்களும் உரக்குழாய்களும், பொதுவிடங்களில் உரத்தொட்டிகளும் அமைந்தன. தன் குப்பைக்குத் தானே பொறுப்பு என்பதை நகரம் ஏற்றது. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அந்நகரைப் பாராட்டியது.

‘எங்கே கொட்டுவது?’ என்று கேட்கும்வரை வாக்கெடுப்பில் வலியவரே வெல்வர். ‘எப்படிப் பகிர்வது?’ என்று கேள்வியை மாற்றுவதே இடதுசாரி மன்ற உறுப்பினர்களின் கடமை. தம் வார்டின் பங்கை முதலில் ஏற்பவருக்கே அடுத்த வார்டைக் கேட்கும் தகுதி உண்டு.