மே 1-உம் கடைசித் தவணையும்

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.-யின் பயிற்சி முகாம்கள் 2024-இல் ஏப்ரல் 28 அன்று தொடங்கின. வெளிநாட்டுக் கிளப்பைவிட லீக்குக்கே முன்னுரிமை தரச் சொல்லி 2020 கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட முன்னுரிமை விதி அந்த 2024 சீசனில்தான் முழு வலிமையோடு நடைமுறைக்கு வந்தது. 2023-இல் தாமதமாக வந்தவருக்கு நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 1 சதவீதம் அபராதம் என்ற இடைப்படி ஒன்று இருந்தது. 2024-இல் அதுவும் நீங்கியது. முகாம் தொடங்கும் நாள், மே 1 ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் வந்து சேராதவர் சீசன் முழுவதும் ஆட முடியாது என்றானது. இரண்டாண்டு அனுபவத்தைத் தாண்டாதவர்களுக்கும் தேசிய அணிப் பணியில் இருப்பவர்களுக்கும் மட்டுமே விலக்கு. ஆக, 2024-இன் கெடு மே 1.

முகவர்களும் ஒப்பந்த வழக்கறிஞர்களும் வாசிக்கும் இவ்விதழின் நிலையை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த விதி 2024-இல் பெற்ற வடிவில் நீடிக்கக் கூடாது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களுக்காக மட்டும் அல்ல.

உரிமையாளர்களின் வாதத்தில் நியாயமே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் 14 அன்று ஹங்கேரியின் ஷோப்ரோனில் நடந்த, ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூரோலீக் இறுதியாட்டத்தில் டைனமோ குர்ஸ்க் அணிக்காக ஆடிய பிரியன்னா ஸ்டூவர்ட்டின் குதிகால் தசைநாண் அறுந்தது. அந்த ஆண்டு சியாட்டில் அணிக்கு அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பாதி அணி வந்து சேராத முகாமை நடத்திப் பார்த்த பயிற்சியாளர்களின் சலிப்பும் உண்மையானது. வீராங்கனைகள் சங்கமும் கண்ணைத் திறந்துகொண்டுதான் கையெழுத்திட்டது. 2019-இல் 1,17,500 டாலராக இருந்த உச்சச் சம்பளம் 2020-இல் 2,15,000 டாலரானது. அந்த உயர்வுக்குக் கொடுத்த விலைகளில் ஒன்று இந்த விதி.

ஆனால் அந்த உயர்வு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண டயானா தவுராசியின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். 2004 புதுமுகத் தேர்வில் முதல் தேர்வாக ஃபீனிக்ஸ் மெர்க்குரி எடுத்த கார்டு நிலை ஆட்டக்காரர் அவர். அடுத்த ஆண்டே குளிர்காலத்துக்கு மாஸ்கோ போனார். முதலில் டைனமோ, பிறகு உரிமையாளர் ஷப்தாய் கல்மனோவிச்சின் ஸ்பார்ட்டக். இன்னொரு கார்டான சூ பேர்டோடு சேர்ந்து 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு யூரோலீக் பட்டங்கள். 2009 நவம்பரில் கல்மனோவிச் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் அந்த அணி பட்டத்தை விடவில்லை. பிறகு துருக்கியில் ஃபெனர்பாச்சே, கலதாசராய், அங்கிருந்து ரஷ்யாவின் எகத்தரின்பர்க். அங்கே 2013, 2016 ஆண்டுகளில் மேலும் இரண்டு பட்டங்கள்.

2015 பிப்ரவரியில் நடந்ததை நம் தொழிலில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எகத்தரின்பர்க் கிளப் தவுராசிக்குப் பணம் கொடுத்தது, கோடையில் ஆடாமல் ஓய்வெடுப்பதற்கு. ஃபீனிக்ஸ் அவருக்குத் தரக்கூடிய உச்சம் அப்போது 1,07,000 டாலரை ஒட்டி. ரஷ்யாவில் அவர் பெற்றதாகப் பத்திரிகைகள் எழுதியது சுமார் 15 லட்சம் டாலர். முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற அணி, தன் முதன்மை வீராங்கனை இல்லாமல் அந்தக் கோடையைக் கழித்தது. அமெரிக்க லீக்கின் சம்பளப் பட்டியலைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகள் பேசியும் நகராத ஒன்றை, அந்த ஒரு முடிவு நகர்த்தியது. வெளிநாட்டுக் கிளப் என்ற இரண்டாவது முதலாளி இருந்ததால்தான் முதல் முதலாளி பணப்பையைத் திறந்தார். முன்னுரிமை விதி அந்த இரண்டாவது முதலாளியை ஏலத்திலிருந்து வெளியேற்றுகிறது.

பாதுகாப்பைக் காரணம் காட்டுவோருக்கு ஒரு தேதி போதும். எகத்தரின்பர்குக்கு ஆடிவந்த பிரிட்னி கிரைனர் மாஸ்கோவின் ஷெரெமெத்யேவோ விமான நிலையத்தில் கைதானது 2022 பிப்ரவரியில். விதி எழுதப்பட்டது 2020 ஜனவரியில். அவருடைய துயரத்தை இந்த விதிக்கு முட்டுக்கொடுக்க இழுத்து வருவது சரியல்ல.

விதியின் வீச்சு எங்கே விழுகிறது என்பதையும் முகவர்கள் கணக்கிட வேண்டும். 2024 ஏப்ரல் 15 அன்று இந்தியானா தேர்ந்தெடுத்த கார்டு கெயிட்லின் கிளார்க்கின் முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். அப்போதைய பட்டியல்படி நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 3,38,056. விளம்பர வருமானம் அவருக்கு உண்டு. அவரோடு தேர்வான பெரும்பாலோருக்கு இல்லை. அனுபவ விலக்கு தீர்ந்த பிறகும் நான்காம் ஆண்டில் புதுமுகச் சம்பளப் பட்டியல் அவர்களைவிட்டுப் போவதில்லை. சந்தை விலையும் கிடைக்காது, வெளியே போய் முழு சீசன் ஆடவும் முடியாது என்ற நிலை ஒரே ஆளின் மேல் ஒரே ஆண்டில் விழும். ஒரு பாயின்ட் கார்டு ஆட்டத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டு, கால்களும் இன்னும் சொன்னபடி கேட்கும் வயது அது.

சட்டத்தின் வழியில் நிவாரணம் குறைவு. சங்கத்தோடு பேரம் பேசி எழுதிய விதி என்பதால் அமெரிக்கப் போட்டிச் சட்டத்தின் வீச்சிலிருந்து அதற்குப் பெருமளவு காப்பு உண்டு. ஐரோப்பாவில் நிலைமை வேறு. 2000 ஏப்ரல் 13-இல் வந்த ஐரோப்பிய நீதிமன்றத்தின் லெஹ்டோனன் தீர்ப்பு நமக்கெல்லாம் மனப்பாடம். ஃபின்லாந்துக்காரர் ஒருவர் பெல்ஜியத்தின் காஸ்டோர் பிரேனுக்கு வந்தபோது பதிவுக் கெடு முடிந்திருந்தது. அவரை ஆடவைத்து வென்ற ஆட்டம் எதிரணிக்குக் கொடுக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவருக்கோ அதைவிடப் பிந்திய கெடு. கெடு வைப்பதே தவறென்று நீதிமன்றம் சொல்லவில்லை. போட்டியின் ஒழுங்குக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் காரணம் காட்ட வேண்டும் என்றது. அட்லாண்டிக்குக்கு மேற்கே மே 1-ஐ இந்தச் சோதனைக்கு உட்படுத்த எந்த மேடையும் இல்லை.

இதுவரை சொன்னவை எல்லா விளையாட்டுப் பத்திரிகைகளிலும் வரக்கூடியவைதான். இவ்விதழ் ஆண்டுக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கும் விஷயம் வேறு: வெளிநாட்டில் ஆடுபவரின் கடைசித் தவணை.

ஐரோப்பிய ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் மாதத் தவணையில், வரி கிளப்பின் பொறுப்பு, வீடு, கார், விமான டிக்கெட். தவணை இத்தனை நாள் தாமதமானால் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வர மறுக்கலாம், இன்னும் நீண்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மீதியைக் கேட்கலாம் என்ற பிரிவை எந்த நல்ல முகவரும் விட்டுவிடுவதில்லை. காகிதத்தில் இந்தப் பிரிவு சீசன் முழுவதற்கும் பொருந்தும். நடைமுறையில் அதற்கு உயிர் இருப்பது பிளே-ஆஃப் நாட்களில் மட்டும்தான். டிசம்பரில் ஒரு கார்டு ஆட மறுத்தால் கிளப் இன்னொருவரைத் தேடும். அரையிறுதிக்கு முந்தின நாள் மறுத்தால் தலைவர் இரவோடு இரவாக வங்கிக்கு ஆள் அனுப்புவார். பாக்கிப் பணம் வசூலாவது அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான்.

யூரோலீக் இறுதிச் சுற்று ஏப்ரல் நடுவில் முடிந்துவிடுகிறது. 2024-இல் மெர்சினில் ஏப்ரல் 14-ஆம் தேதி முடிந்தது. ஆனால் ஐரோப்பாவில் உள்நாட்டு லீக் சிலவற்றின் இறுதிப் போட்டிகள் மே மாதத்துக்குள் போகின்றன. அங்கே ஆடும் டபிள்யூ.என்.பி.ஏ. வீராங்கனை மே 1-க்குள் அமெரிக்காவில் இருந்தே ஆக வேண்டும் என்பது கிளப் அலுவலகத்துக்கு நன்றாகத் தெரியும். மார்ச் தவணையைத் தள்ளிப்போடு, ஏப்ரல் தவணையைத் தொடாதே, அவளே கிளம்பிப் போய்விடுவாள் என்று கணக்குப் போட ஒரு கணக்கர் போதும். போன பிறகு, சீசன் முடியும் முன் பணியை விட்டுப் போனதால் ஒப்பந்தம் மீறப்பட்டது, மீதியும் பட்டப் போனஸும் கிடையாது என்று ஒரு கடிதம் வரும். இரண்டு ஒப்பந்தங்களும் அவள் கையெழுத்திட்டவை. ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றை உடைத்தாக வேண்டும். எதை உடைத்தாலும் இழப்பு அவளுக்கே. விதியை எழுதிய லீக்குக்கும் இழப்பில்லை, இழுத்தடிக்கும் கிளப்புக்கும் இழப்பில்லை.

கூடைப்பந்து நடுவர் மன்றமான பி.ஏ.டி. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2007-இல் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா தொடங்கி, 2011-இல் இப்போதைய பெயர் பெற்ற அந்த நடுவர் மன்றம் நம் தொழிலுக்குக் கிடைத்த பெரிய வரம். ஒரே நடுவர், ஜெனீவா இருக்கை, எந்த நாட்டுச் சட்டத்தையும் கட்டி அழாமல் நியாயத்தை வைத்துத் தீர்ப்பு. தீர்ப்பை மதிக்காத கிளப்புக்கு ஃபிபா புதிய வீரர் பதிவைத் தடுக்கலாம். அதை இவ்விதழ் எப்போதும் ஆதரித்து வந்திருக்கிறது. ஆனால் தீர்ப்பு வரும்போது அடுத்த சீசன் தொடங்கியிருக்கும். மனுச் செலவு முன்கூட்டியே அவள் கையிலிருந்து போயிருக்கும். இரண்டு மாதச் சம்பளத்துக்காக அந்தச் செலவில் இறங்குவதா என்று கேட்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் முகவர் என்ன பதில் சொல்வார்?

கிளப்பின் ஒரு கடிதம் ஒரு கார்டின் சீசனை எப்படி விழுங்கும் என்பதற்குத் தவுராசியே சாட்சி. 2010 நவம்பரில் ஃபெனர்பாச்சேவுக்காக ஆடியபோது எடுத்த மாதிரியில் மோடாஃபினில் இருப்பதாக அங்காரா ஆய்வகம் அறிவித்தது. அவர் மறுத்தார். தற்காலிகத் தடை வந்தது. ஜனவரியில் கிளப் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பிப்ரவரியில் ஆய்வகம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது, தடை நீங்கியது. தவறு அவருடையதல்ல என்று ஆனபோது வேலை போயிருந்தது, சீசனும் போயிருந்தது. உலகின் தலைசிறந்த கார்டுக்கே இந்தக் கதி. இதே குளறுபடி மார்ச் மாதத்தில், பெயர் தெரியாத ஒரு கார்டுக்கு நடந்தால்? பெயரைக் கழுவிக்கொள்ள அங்கே நிற்க வேண்டும். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அமெரிக்கா போயாக வேண்டும். முன்னுரிமை விதியின் விலக்குகளில் இவளுக்கு இடமில்லை.

அதிகாரத்தில் இருப்பவர்கள் இதை அறியாதவர்களா? முகவருக்கு உரிமம் கொடுப்பது ஃபிபா. கிளியரன்ஸ் கடிதம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது என்று விதி வைத்திருப்பது ஃபிபா. தேசிய அணி நாட்களைக் குறிப்பதும், பணம் கொடுக்காத கிளப்பைத் தண்டிப்பதும் ஃபிபா. ஒரு வீராங்கனையின் பாஸ்போர்ட் விவரம்வரை கேட்டு வாங்கத் தெரிந்த அமைப்புக்கு, உள்நாட்டு லீக்குகள் எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று டபிள்யூ.என்.பி.ஏ.-யோடு உட்கார்ந்து பேசி எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஓர் உடன்பாட்டை எழுத நான்கு ஆண்டுகள் போதவில்லை. 2020 ஜனவரியிலேயே 2024-இன் கெடு எல்லாருக்கும் தெரியும். மேற்கே லீக் தன் தேதியைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது. கிழக்கே சம்மேளனங்கள் தங்கள் அட்டவணையை விட்டுக்கொடுக்கவில்லை. இடையில் நிற்பவளின் சம்பளத்திலிருந்துதான் இந்த அலட்சியத்துக்கு விலை பிடிக்கப்படுகிறது. இதை நிர்வாகச் சிக்கல் என்று மென்மையாகச் சொல்லும் பொறுமை இவ்விதழுக்குத் தீர்ந்துவிட்டது.

நம் கையில் இருப்பதை நாம் செய்தாக வேண்டும். கோடையில் எழுதும் ஒவ்வொரு ஐரோப்பிய, துருக்கிய ஒப்பந்தத்திலும் வெளியேறும் தேதியை நாளும் மாதமும் குறிப்பிட்டு எழுதுங்கள். பிளே-ஆஃப் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அன்று புறப்படுவது மீறல் ஆகாது என்று அதே பிரிவில் சேருங்கள். மொத்தத் தொகையின் கடைசிப் பங்கு மார்ச் மாதத்துக்குள் வந்துவிடும்படி தவணைகளை முன்னே நகர்த்துங்கள். கிளப் மறுத்தால் அந்தத் தொகையை மூன்றாவது ஆளிடம் வைப்பாகக் கேளுங்கள். அணி இறுதிக்குத் தகுதி பெற்ற அன்றே போனஸ் உறுதியாகிவிட வேண்டும், கோப்பையைத் தூக்கும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. பி.ஏ.டி. பிரிவில் மனுச் செலவைத் தோற்ற தரப்பு ஏற்கும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஊக்கமருந்து விசாரணை முடியும்வரை சம்பளம் நிற்காது என்று எழுதச் சம்மதிக்காத கிளப்புக்கு உங்கள் கார்டை அனுப்பாதீர்கள்.

சங்கத்திடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 2020 கூட்டு ஒப்பந்தத்தை 2025 சீசனோடு முடித்துக்கொள்ள இரு தரப்புக்கும் உரிமை இருந்தது. அதற்கான அறிவிப்பை 2024 நவம்பர் 1-க்குள் கொடுக்க வேண்டியிருந்தது. புதிய பேச்சில் இந்த விதியை எடுக்க முடியாவிட்டாலும், நிலுவைச் சம்பளத் தகராறும் நடந்துகொண்டிருக்கும் விசாரணையும் விலக்குக்குரிய காரணங்கள் என்று இரண்டு வரி சேருங்கள். அந்த இரண்டு வரியின் வரைவை இவ்விதழின் வாசகர்களான ஒப்பந்த வழக்கறிஞர்கள் எழுதித் தர முடியும். அதைச் சங்கத்தின் மேசையில் வைத்துவிட வேண்டும்.