சோகைக்குத் தாயத்தா?

வடபழனியில் கோவில் தெருப் பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய் நின்று பார்ப்பீர்களானால், எத்தனை எலுமிச்சம்பழங்கள் புது வண்டிகளின் சக்கரத்தடியில் நசுங்கி வீணாகின்றன என்பது தெரியும். வெளுத்த முகமும் மூச்சிரைப்புமாய் இருக்கும் பெண்பிள்ளையை அழைத்து வந்து, திருஷ்டி என்றும் காற்றுச் சேஷ்டை என்றும் சொல்லி, கயிறு கட்டிக்கொண்டு போகும் தாய்மார்களும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு இருப்பது பல சமயங்களில் சோகை. அதாவது இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு. அந்த எலுமிச்சம்பழத்தைச் சோற்றில் பிழிந்து கொடுத்திருந்தாலாவது, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு சற்று அதிகமாய் உடம்பில் சேர்ந்திருக்கும். சக்கரத்துக்கா சோகை பிடித்திருக்கின்றது?

இது ஏதோ இரண்டொருவர் சங்கதியல்ல. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்குச் சோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்குத்தான். எல்லாம் அவன் செயல் என்பவர்கள், அவன் ஏன் ஆண்களிடம் இவ்வளவு பட்சபாதம் காட்டுகின்றான் என்று சொல்லட்டும். மாதவிடாயும் பிரசவமும் காரணம் என்பார்கள். உண்மைதான். அப்படியானால் அதிக இரும்பு வேண்டியவளுக்கு அதிகமாயல்லவா பரிமாற வேண்டும்? நம் வீடுகளிலோ புருஷனும் பிள்ளைகளும் தின்று மிஞ்சிய குழம்பின் அடிமண்டிதான் அவள் பங்கு. அதற்குப் பதிவிரதா தர்மம் என்று பெயர்.

நிற்க. இதற்கு விஞ்ஞானிகள் கண்ட ஒரு வழியைக் கவனிப்போம். பணக்காரனும் ஏழையும் தினந்தோறும் தின்னும் பண்டம் உப்பு. கழுத்துக் கழலை வராமலிருக்க அதில் அயோடின் சேர்த்தாகிவிட்டது. இரும்பையும் சேர்க்கலாமென்றால், இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. அயோடின் ஆவியாய்ப் பறக்கும், உப்புப் பழுப்பாகும். கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டயோசடியும், உப்பு வியாபாரக் குடும்பத்திலிருந்து போன தமிழர் வெங்கடேஷ் மன்னாரும் இதற்கு உழைத்தவர்கள். இரும்புத் தூளை உப்புக்கல் அளவுக்குத் திரட்டி, வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, தாவரக் கொழுப்பினால் மூடிவிடுவது. நிலக்கடலைக்குச் சர்க்கரைப் பாகு பூசுவது போலத்தான். இதற்கு நுண்ணுறை என்று பெயர். உறை இருப்பதால் பொட்டலத்துக்குள் இரும்பும் அயோடினும் தொடுவதில்லை. வயிற்றுக்குள் உறை கரைந்து இரும்பு வெளிவருகின்றது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் உறையில்லாமலே வேறொரு வழி கண்டார்கள்.

நம் நாட்டில் தமிழ்நாடு உப்புக் கழகம் இராமநாதபுரம் ஜில்லா வாலிநோக்கத்தில் உப்பு விளைவித்து, இரும்பும் அயோடினும் கலந்த உப்பைச் சத்துணவுச் சமையலுக்குக் கொடுத்தது. 2014-இல் அம்மா உப்பு என்று கிலோ 21 ரூபாய்க்குக் கடைக்கும் வந்தது. 1920-இல் தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு போட்ட சென்னைக்கு இது புதிய எண்ணமுமல்ல. ஆனால் அபிஷேகப் பாலுக்கு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் மளிகைக் கடையில் அந்த உப்பைக் கேட்டிருப்பார்கள்?

உப்பு ஒன்றே போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. வெறுங்காலில் நடப்பவரின் பாதம் வழியாய்ப் புகும் கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். அதற்கு அல்பெண்டசோல் மாத்திரை வேண்டும். இன்னும் சிலருக்கு உடம்பைக் காக்க வேண்டிய சேனையே தன் இரைப்பையைப் பகையென்று எண்ணித் தாக்கும்; அதனால் பி12 வைட்டமின் உடம்பில் சேராது. அவர்களுக்கு இரும்பை வண்டி வண்டியாய்க் கொடுத்தும் பிரயோசனமில்லை. பி12 ஊசி வேண்டும். இவற்றைப் பிரித்தறிய இரத்தப் பரிசோதனை இருக்கின்றது. கயிற்றுக்கும் தாயத்துக்கும் அந்த யோக்கியதை ஏது?

ஆகவே, பெண்பிள்ளை வெளுத்திருந்தால் முதலில் அரசாங்க சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இரும்பு மாத்திரையும் இலவசமாய்க் கிடைக்கும். சாப்பிட்டவுடன் தேநீர் குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், அது இரும்பைச் சேரவிடாது. இன்றைக்கு இராத்திரியே அவளுக்கும் அவள் தாயாருக்கும் உங்களோடு கூடவே இலை போடுங்கள்.