சுகாதாரப் பிரசாரகருக்கு மேற்பயிற்சி

சிவகங்கையில் 2012-ம் வருஷத்தில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. ஜில்லாவுக்குள்ளேயே வைத்தியர்களைப் பயிற்றுவிக்க வசதி ஏற்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், வைத்தியர் எழுதித் தரும் மருந்தை ஜனங்கள் நம்பி உட்கொள்ளும்படி செய்பவர் யார்? கிராமந்தோறும் சென்று நோயின் காரணத்தையும் தடுப்பின் அவசியத்தையும் எடுத்துரைக்கும் சுகாதாரக் கல்வியாளர்களைப் பற்றி நம்மவர் சிந்திப்பதே அபூர்வம்.

அவர்களுடைய வேலை எத்தகையது என்பதை 2017-ம் வருஷம் காட்டிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில் நமது ராஜ்யத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் ஆரம்பமாயிற்று. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் யாவருக்கும் ஊசி போடுவதே ஏற்பாடு. வாட்ஸ்அப் மூலம் வதந்திகள் கிளம்பின. பெற்றோர் பலர் சம்மதிக்க மறுத்தனர். மாதக் கடைசியில் முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சு மாதத்திலும் நீடிக்க நேர்ந்தது. பிழை மருந்தில் இல்லை. அதைப் பற்றிய பேச்சு முந்திக்கொள்ளாததே பிழை.

இத்தகைய தருணத்தில் துண்டுப் பிரசுரத்தை வாசித்துக் காட்டுவதால் யாது பயன்? தாயார் கேள்விப்பட்டது என்ன, யார் சொல்லக் கேட்டாள் என்பதை முதலில் பொறுமையாக விசாரிக்க வேண்டும். அவ்வூரில் எவர் வார்த்தைக்கு மதிப்புண்டு என்று அறிந்து, தலைமையாசிரியரையோ, ஜமாத் பெரியவரையோ, பிரசவம் பார்த்துப் பழகிய மூதாட்டியையோ துணை சேர்க்க வேண்டும். மறுத்த வீடுகள் எத்தனை, பிறகு மனம் மாறியவை எத்தனை என்று கணக்கிட்டுத் தம் முறையைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும். இளையான்குடியில் பலித்த பேச்சு சிங்கம்புணரியில் பலிக்குமென்பது நிச்சயமில்லை. ஆரம்பப் பயிற்சியில் இவையெல்லாம் வந்துவிடா; பல்லாண்டு அனுபவமும் அதன்மேல் முறையான கல்வியும் வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடிச் சென்றன. உடம்பு சௌகரியமாயிருப்பதாகத் தோன்றியதும் மாத்திரையை நிறுத்திவிடும் முதியவரிடம் என்ன சொல்வது? அதைத் தொண்டர்களுக்குக் கற்பிக்கத் தக்கவர் அனுபவஸ்தரே.

அமெரிக்காவில் ஐந்தாண்டு அனுபவமுள்ள சுகாதாரக் கல்வியாளருக்கென்று 2011 முதல் தனி உயர்தரப் பரீட்சை நடைபெறுகிறது. நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. மதுரையைத் தாண்டினால் காந்திகிராமம். அங்கே 1964-ல் ஸ்தாபிக்கப்பட்ட கிராம சுகாதார நிலையம் இத்துறையில் நெடுநாளாகப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. பத்தாண்டு கிராமங்களில் உழைத்தவர்களை ஆண்டுதோறும் சம்பளத்துடன் அங்கு அனுப்பி, திரும்பியதும் இளையவர்களைப் பயிற்றும் பொறுப்பைச் சர்க்கார் அவர்களிடமே ஒப்புவிக்க வேண்டும். மறுபடியும் ரிஜிஸ்தர் நிரப்ப உட்கார்த்திவிடுவதாயின், போய்வந்த பஸ் சார்ஜும் தண்டமே.